ஞானப்பல் பிடுங்க எவ்வளவு ஆகும்? ஊசிக்குப் பயந்து தள்ளிப் போட்டால் பில் எகிறும்

பண்ருட்டி:

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தக் கணக்கில் ஞானப்பல் வலியையும் சேர்த்துக் கொள்ளலாம். பகல் முழுக்க சும்மா இருக்கும். ராத்திரி 11 மணிக்கு மேல் ஆரம்பிக்கும். காது, தலை, கழுத்து என்று ஒரு பக்கம் முழுவதும் இழுக்கும். விடிந்ததும் முந்திரி கம்பெனிக்கோ, பலாப்பழ மண்டிக்கோ, நெய்வேலி சுரங்கத்து ஒப்பந்த வேலைக்கோ கிளம்பியாக வேண்டும். என்ன செய்வது? மெடிக்கல் கடையில் நின்று "பல் வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போட்டுக் கொண்டு போய் விடுகிறார்கள்.

இரண்டு, மூன்று நாளில் வலி அடங்கும். அடங்கியதும் பல் மறந்து போகும். சில மாதம் கழித்து மறுபடியும் வரும். இப்படியே ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஓட்டுகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

கடைசியில் டாக்டரிடம் போனால் "இதை ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்" என்கிறார். ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் பாதி உயிர் போய் விடுகிறது. மீதி உயிர் பில் தொகையைக் கேட்டதும் போகிறது.

உண்மையில் இது எவ்வளவு வலிக்கும்? எவ்வளவு ஆகும்? பண்ருட்டியில் இருக்கிற ஒரு கூலித் தொழிலாளிக்கு என்ன வழி இருக்கிறது? இந்த விஷயத்தைக் கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

கடைசியாக வரும் பல்

மேலே இரண்டு, கீழே இரண்டு என்று மொத்தம் 4 ஞானப்பற்கள். பெரும்பாலும் 17 வயதில் இருந்து 25 வயதுக்குள் முளைக்கும். சிலருக்கு முளைக்கவே முளைக்காது. மற்ற பற்கள் எல்லாம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு கடைசியாக வருவதால் தாடையில் இதற்கு இடம் இருப்பதில்லை. கூட்டமான பஸ்ஸில் கடைசி ஸ்டாப்பில் ஏறுகிறவர் நிலைமைதான். நேராக நிற்க இடம் இல்லாமல் சாய்ந்து நிற்கும், படுத்துக் கிடக்கும், பாதி வெளியே வந்து பாதி ஈறுக்குள் மாட்டிக் கொள்ளும்.

இந்தப் பாதி வெளியே வந்த பல்தான் வில்லன். பல்லின் மேல் ஈறு ஒரு மூடி மாதிரி கிடக்கும். அந்த மூடிக்கு அடியில் சோற்றுப் பருக்கை, கறித்துணுக்கு எல்லாம் போய் உட்காரும். பிரஷ் அங்கே எட்டாது. கிருமி சேர்ந்து ஈறு வீங்கும், சீழ் பிடிக்கும். வாயைத் திறக்க முடியாது. மாத்திரை போட்டால் சீழ் வற்றி வலி அடங்குகிறதே தவிர, மூடி அப்படியேதான் இருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

அதற்காக எல்லா ஞானப்பல்லையும் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. இங்கிலாந்தில் அரசு மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2000-ம் ஆண்டிலேயே, தொந்தரவு கொடுக்காத ஞானப்பல்லை முன்கூட்டியே பிடுங்குவதை நிறுத்த வேண்டும் என்று சொல்லி விட்டது. நேராக முளைத்து, மெல்லுவதற்கு உதவி, சொத்தையும் இல்லாமல் இருந்தால் அது பாட்டுக்கு இருந்து விட்டுப் போகட்டும். "நாலையும் ஒண்ணா எடுத்துடலாம், ரேட் குறைச்சுப் போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால், நல்லா இருக்கிற பல்லை எதுக்கு எடுக்கணும் என்று தைரியமாகக் கேளுங்கள்.

ஒரு முறைக்கு மேல் வீங்கியது, சீழ் வந்தது, ஞானப்பல்லிலோ பக்கத்துப் பல்லிலோ சொத்தை விழுந்தது என்றால் கதை வேறு. அப்போது எடுப்பதுதான் சரி.

ஊசி வலியா? பல் வலியா?

பயத்துக்கு வருவோம். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஈறில் மரத்துப் போகும் ஊசி போடுவார்கள். லிக்னோகெய்ன் என்ற மருந்து. 1943-ல் சுவீடன் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டு, இன்றைக்கு வரை உலகம் முழுக்க பல் டாக்டர்கள் நம்பிப் பயன்படுத்துவது. ஊசி குத்தும்போது சுருக்கென்று இருக்கும். அவ்வளவுதான். சில நிமிஷத்தில் உதடு தடித்துப் போன மாதிரி ஆகி விடும்.

அதற்குப் பிறகு வலி தெரியாது. ஆனால் அழுத்துவது தெரியும், ஆட்டுவது தெரியும், எலும்பை ராவும் மிஷின் சத்தம் மண்டைக்குள் கேட்கும். பல பேர் இந்தச் சத்தத்தைத்தான் வலி என்று நினைத்துப் பயந்து கத்தி விடுகிறார்கள். நிஜமாகவே வலித்தால் கையைத் தூக்கினால் போதும், இன்னொரு ஊசி போடுவார்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சீழ் பிடித்து நன்றாக வீங்கி இருக்கும் நேரத்தில் இந்த மரத்துப் போகும் ஊசி சரியாக வேலை செய்யாது. அந்த இடத்தில் புளிப்புத் தன்மை அதிகமாகி விடுவதால் மருந்து நரம்புக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. "அவனுக்குப் பிடுங்கும்போது உயிர் போற வலியாம்" என்று டீக்கடையில் கேட்கும் கதைகளில் பல, தாங்க முடியாத கடைசி நாளில் ஓடிப் போய்ப் பிடுங்கியவர்களின் கதையாகத்தான் இருக்கும். வலிக்குப் பயந்து தள்ளிப் போட்டவருக்கே அதிக வலி. முதலில் மாத்திரை கொடுத்து வீக்கத்தை அடக்கி, பிறகு வரச் சொல்லும் டாக்டர் இழுத்தடிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் செய்வது சரிதான்.

உண்மையான வலி ஊசி மருந்து இறங்கிய பிறகு, அதாவது இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். மருந்து இறங்குவதற்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுக் கொண்டால் சமாளிக்கலாம். வீக்கம் இரண்டாவது, மூன்றாவது நாளில்தான் அதிகமாகத் தெரியும். கன்னம் கொழுக்கட்டை மாதிரி இருக்கிறதே என்று பதற வேண்டியதில்லை. அதன் பிறகு நாளுக்கு நாள் குறையும். குறையாமல் நாலாவது நாளில் வலி திடீரென்று ஏறினால்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று நம் ஊரில் இன்னமும் நம்புகிறார்கள். கண்ணுக்குப் போகும் பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. அப்படி எதுவும் ஆகாது. சொல்லப் போனால் மேல் ஞானப்பல் எடுப்பது சுலபம். மேல் தாடை எலும்பு மென்மையானது. கீழ்ப் பல்தான் சிக்கல். அதன் வேருக்குப் பக்கத்தில் கீழ் உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. அதில் பட்டால் உதடு, தாடை கொஞ்ச நாள் மரத்துப் போகலாம். பெரும்பாலும் சரியாகி விடும். அரிதாக சிலருக்கு நிரந்தரமாக நின்று விடுவதும் உண்டு. அதனால்தான் எடுப்பதற்கு முன் முழுத் தாடைக்கும் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்கிறார்கள். "எக்ஸ்-ரேவுக்கு வேற தண்டமா" என்று அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது.

15 நாள் கூலி

பில் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று கேட்டால், பல் எப்படிக் கிடக்கிறது என்பதுதான் பதில். நேராக முளைத்த பல்லைக் குறடு வைத்து எடுத்து விடலாம். அதற்கு ஆயிரம், ஆயிரத்து ஐநூறு என்ற அளவில் முடியும். படுத்துக் கிடக்கும் பல் என்றால் ஈறைக் கிழித்து, எலும்பைக் கொஞ்சம் ராவி, பல்லை இரண்டு, மூன்று துண்டாக வெட்டி எடுத்து, தையல் போட வேண்டும். தனியாரில் இதற்கு சில ஆயிரங்கள் ஆகி விடும். வாய், தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்த டாக்டரை வெளியூரில் இருந்து வரவழைத்தால் அவருக்கான கட்டணமும் அதில்தான் சேரும். எக்ஸ்-ரே, மருந்து, தையல் பிரிப்பது எல்லாம் சேர்த்தா, தனியா என்பதை முதலிலேயே கேட்டுக் கொள்வது நல்லது. பேரம் பேசுவதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

மொத்தம் 5 ஆயிரம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். 2025-26-ம் ஆண்டில் 100 நாள் வேலைத் திட்டத்துக்கு தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு பல்லுக்கு 15 நாள் கூலி போகிறது. அதோடு முடிந்ததா? பிடுங்கிய அன்றும் மறுநாளும் வேலைக்குப் போக முடியாது. மூட்டை தூக்குகிறவர், வெயிலில் நிற்கிறவர் என்றால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக் கொள்ளுங்கள். கிலோ கணக்கில் கூலி வாங்கும் முந்திரி உடைக்கும் பெண்களுக்கு உட்கார்ந்தால்தான் காசு. முந்திரி, பலா சீசன் நேரத்தில் நாலு நாள் லீவு என்பது நடக்கிற காரியமா?

இதனால்தான் "சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். நியாயமான காரணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கு கடைசியில் எதிராகத்தான் முடிகிறது. 20 வயதில் வேர் முழுசாக வளர்ந்திருக்காது, எலும்பும் இளசாக இருக்கும். 35 வயதில் எலும்பு இறுகி விடும், பிடுங்குவதும் கஷ்டம், ஆறுவதும் தாமதம். இதற்கிடையில் பக்கத்துப் பல்லும் சொத்தையாகி இருந்தால் அதற்கு வேர் சிகிச்சை, கேப் என்று தனி பில். ஒரு பல்லோடு முடிய வேண்டியது இரண்டு பல் செலவாகி விடுகிறது. இடையில் மாதா மாதம் மெடிக்கலில் கொடுத்த மாத்திரைக் காசை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வலி தாங்காமல் புகையிலையை அடக்கிக் கொள்வது, மாத்திரையைப் பொடி செய்து ஈறில் வைப்பது எல்லாம் வேண்டாத வேலை. ஆஸ்பிரின் மாத்திரை ஈறைச் சுட்டுப் புண்ணாக்கி விடும். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், அவ்வளவுதான். இரண்டு வேளை மட்டும் ஆன்டிபயாடிக் போட்டு நிறுத்துவது இன்னும் மோசம்.

தாடைக்கு அடியில் கல் மாதிரி வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு வாங்கினால் காசைப் பற்றி யோசிக்கவே கூடாது. சீழ் கழுத்துக்கு இறங்கி விட்டது என்று அர்த்தம். உயிருக்கே ஆபத்து. நேராக 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

கையில் இருக்கும் அட்டை உதவுமா?

நெய்வேலியில் என்.எல்.சி. நிரந்தரத் தொழிலாளி என்றால் டவுன்ஷிப்பில் என்.எல்.சி. பொது ஆஸ்பத்திரி இருக்கிறது. அவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. அதே சுரங்கத்தில் அவர் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குத்தான் பல் வலியில் கூட கணக்குப் பார்க்க வேண்டி இருக்கிறது.

மாதச் சம்பளம் 21 ஆயிரம் ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடிக்கிறார்கள், 3.25 சதவீதம் முதலாளி கட்டுகிறார். சிலருக்குப் பிடித்தம் நடப்பதே தெரியாது, சிலருக்குத் தெரிந்தும் போவதில்லை. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிடித்தம் இருந்தால் உங்கள் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் பல் சிகிச்சைக்குக் கடிதம் கேட்பது உங்கள் உரிமை. வீட்டில் வைத்து முந்திரி உடைப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை.

முதல்-அமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பிப் போகிறவர்களும் உண்டு. அந்த அட்டை அடிப்படையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்து கொள்ளும் பெரிய சிகிச்சைகளுக்கானது. விபத்தில் தாடை உடைந்தது போன்ற விஷயம் வேறு. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் எழுந்து வருகிற பல்லுக்கு அட்டை இருக்கிறது என்று நினைத்துக் காசு இல்லாமல் தனியாரிடம் போய் உட்கார்ந்து விட வேண்டாம். முன்கூட்டியே கேட்டு விடுங்கள்.

ரயில் ஏறினால் சிதம்பரம்

இனிமேல் சொல்லப் போவதுதான் பலருக்கும் தெரியாமல் இருக்கிறது. ஞானப்பல் ஆபரேஷனை அரசு செலவில் செய்யும் பல் மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்று 1980-ல் தொடங்கியதுதான் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தது. 2013-ல் தனிச் சட்டம் கொண்டு வந்து பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக் கொண்டது. ஆனாலும் அங்கே மருத்துவம் படித்த மாணவர்களிடம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கினார்கள். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அப்போது கட்டணம் 13 ஆயிரத்து 610 ரூபாய்தான். "அரசு கல்லூரி என்றால் அரசு கட்டணம்தானே?" என்று கேட்டு 2020 டிசம்பரில் மாணவ, மாணவிகள் போராட்டத்தில் குதித்தார்கள். 50 நாட்களுக்கும் மேல் நடந்தது. 2021 தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் உயர் கல்வித் துறையில் இருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டன. கட்டணமும் குறைந்தது.

அந்தப் போராட்டம் மாணவர் பிரச்சினை என்றுதான் அப்போது செய்தியாக வந்தது. நோயாளிகளுக்கு அதில் என்ன லாபம் என்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் பிறகு, இந்தப் பக்கத்து மக்களுக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு அரசு பல் ஆஸ்பத்திரி கிடைத்தது அப்போதுதான். 2023-ல் புதுக்கோட்டையிலும் ஒன்று திறந்தார்கள். புதுச்சேரி பக்கம் போகிறவர்களுக்கு அங்கே மகாத்மா காந்தி பெயரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பண்ருட்டியில் இருந்து சிதம்பரத்துக்குப் போக விழுப்புரம் - மயிலாடுதுறை ரயில் பாதை இருக்கிறது. 2010-ல் அகலப்பாதையாக மாறி ஓட ஆரம்பித்ததில் இருந்து நேராக ரயில் ஏறி, கடலூர் வழியாக சிதம்பரத்தில் இறங்கிக் கொள்ளலாம். சுமார் 60 கி.மீ. தூரம். ஸ்டேஷனில் இருந்து அண்ணாமலை நகர் பக்கம்தான். பல் பிடுங்கிய தாடையோடு வடலூர், சேத்தியாத்தோப்பு ரோட்டில் குலுங்கிக் கொண்டு வருவதை விட ரயில் எவ்வளவோ மேல். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நாலு வழிச்சாலை வேலை வருஷக் கணக்கில் இழுத்தடித்ததில் அந்த ரோட்டில் பட்ட பாடு போன ஆட்களுக்குத் தெரியும்.

"அங்க போனா படிக்கிற பசங்க நம்ம வாயில கை பழகுவாங்க" என்று ஒரு பயம் இருக்கிறது. இதில் பாதிதான் உண்மை. கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மாணவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் படுத்துக் கிடக்கும் ஞானப்பல்லை முதல் வருஷ மாணவர் கையில் கொடுத்து விட மாட்டார்கள். அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். படிப்பவர்கள், ஏற்கனவே பி.டி.எஸ். முடித்த டாக்டர்கள்தான். பேராசிரியர்கள் மேற்பார்வையில் நாள் பூராவும் இதே வேலையைச் செய்கிறார்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு ஞானப்பல் எடுக்கும் கிளினிக்கை விட, இதையே தினம் செய்யும் இடத்தில் கை பழகித்தான் இருக்கும்.

நிஜமான குறை வேறு. முதல் நாள் சீட்டு போட்டு, எக்ஸ்-ரே எடுத்து, ரத்தம் சோதித்து, தேதி கொடுத்து அனுப்புவார்கள். இன்னொரு நாள் வந்து எடுத்துக் கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வேண்டும். ஆக மூன்று தடவை அலைச்சல், மூன்று நாள் கூலி. கூட ஒரு ஆள் வந்தால் அவர் கூலியும் போச்சு. 'இலவசம்' என்று போர்டில் எழுதி இருந்தாலும் தொழிலாளிக்கு அது இலவசம் இல்லை. இப்படிக் கணக்குப் போட்டுத்தான் மகளிர் குழுவில் கடன் வாங்கியாவது பக்கத்தில் இருக்கும் தனியாரிடம் போகிறார்கள்.

சீமையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அரசு திட்டத்தில் நோயாளிகளைச் சேர்க்கும் ஒரு பல் கிளினிக் திறந்தபோது, நூற்றுக்கணக்கான பேர் ரோட்டில் வரிசை கட்டி நின்றார்கள். போலீஸ் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியதாகி விட்டது.

வாணியம்பாடியில் நடந்தது என்ன?

ஊசிக்குப் பயப்படுகிறோம், பில்லுக்குப் பயப்படுகிறோம். பயப்பட வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டு விடுகிறோம்.

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்களுக்கு 2023-ல் அடுத்தடுத்து காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல் வந்தது. மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற தொற்று. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் ஒரு கிருமியால் வருவது. அந்த கிளினிக்கோடு தொடர்புடைய 10 பேரில் 8 பேர் இறந்து போனார்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம், மாநில பொது சுகாதாரத் துறை ஆகியவற்றின் விஞ்ஞானிகள் ஆராய்ந்த விவரம் 2025-ல் லான்செட் குழும இதழில் வெளியாகி தமிழ்நாடு முழுவதும் பரபரப்பை ஏற்படுத்தியது.

காரணம் என்ன தெரியுமா? வாய் கழுவ வைத்திருந்த சலைன் பாட்டில். ஈறை விலக்கப் பயன்படுத்தும் கருவியையே, கிருமி நீக்காமல் அந்தப் பாட்டிலைத் திறப்பதற்கும் பயன்படுத்தி இருக்கிறார்கள். திறந்த பாட்டிலை மூடி வைத்து அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தி இருக்கிறார்கள். விலை குறைவான ஒரு சலைன் பாட்டிலில் பிடித்த மிச்சம், 8 உயிர்.

இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்த இல்லை. இப்படி நடப்பது அபூர்வம். தினமும் பல்லாயிரம் பேர் பல் பிடுங்கிக் கொண்டு நல்லபடியாக வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் ஞானப்பல் எடுக்கும்போது ஈறைக் கிழித்து எலும்பு வரை போகிறார்கள், அந்த இடத்தில் சலைன் பீய்ச்சித்தான் கழுவுகிறார்கள். நாற்காலியில் உட்காரும் முன் "டாக்டர், சலைன் பாட்டில் புதுசா? கருவி எல்லாம் ஆட்டோகிளேவ்ல போட்டதா? ஊசி புதுசா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. ஒழுங்கான டாக்டர் கோபப்பட மாட்டார். கவரைப் பிரித்துக் காட்டுவார். கோபப்பட்டால் எழுந்து வந்து விடலாம்.

சுவரில் பதிவு எண்ணோடு பி.டி.எஸ். சான்றிதழ் மாட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். டாக்டரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றேன், பரம்பரை வைத்தியம் என்று குறைந்த ரேட்டில் பல் பிடுங்குபவர்களிடம் சாதாரண ஆடுகிற பல்லுக்கே போகக் கூடாது. ஞானப்பல்லுக்குக் கேட்கவே வேண்டாம்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் வலி மாத்திரை மாறும்.

பீடி வேண்டாம், ஸ்ட்ரா வேண்டாம்

பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டி உட்காரும். அதுதான் புண்ணுக்கு மேல் போட்ட கட்டு மாதிரி. அது பெயர்ந்து போனால் எலும்பு திறந்து கிடந்து மூன்றாவது, நாலாவது நாளில் காது வரை வலி பிடுங்கும். ஞானப்பல்லைப் பற்றிக் கேள்விப்படும் பயங்கரக் கதைகளில் பாதி இதனால் வந்தது.

கட்டி பெயராமல் இருக்க முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, காறித் துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு இளநீர் உறியக் கூடாது. பஞ்சை அரை மணி நேரம் இறுகக் கடித்திருக்க வேண்டும். அன்றைக்கு வெளியே ஐஸ் ஒத்தடம். மறுநாளில் இருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். பீடி, சிகரெட், ஹான்ஸ் ஒரு வாரத்துக்காவது கிட்டேயே போகக் கூடாது. இதைச் சொன்னால்தான் ஆண்கள் முகம் சுளிக்கிறார்கள். புகை பிடிக்கிறவர்களுக்குத்தான் இந்தக் குழி வலி அதிகம் வருகிறது.

சாப்பாட்டுக்கு நம் வீட்டுச் சாப்பாடே போதும். ஆறிய கஞ்சி, மோர் சாதம், ரவைக் கஞ்சி, குழைத்த இட்லி. முறுக்கும் வறுத்த முந்திரியும் காத்திருக்கட்டும். எழுதிக் கொடுத்த மாத்திரையை மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள், அதே மருந்து பாதி விலைக்கும் கீழே கிடைக்கலாம். 2025 செப்டம்பர் 22-ந் தேதியில் இருந்து பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வாரம் ஒரு நாள் டாக்டர் வந்தால் என்ன?

மாவட்டத்தில் அரசு பல் கல்லூரியே இருக்கும்போது பண்ருட்டிக்காரர் எதற்காக மூன்று தடவை சிதம்பரத்துக்கு அலைய வேண்டும்? சாதாரணப் பல் பிடுங்குவதைத் தாண்டி, ஞானப்பல் ஆபரேஷன் என்றால் மேலே அனுப்பி வைப்பதுதான் சின்ன ஊர் அரசு ஆஸ்பத்திரிகளின் வழக்கமாக இருக்கிறது. அண்ணாமலை நகரில் இருந்து ஒரு அறுவை சிகிச்சை டாக்டரும் இரண்டு முதுநிலை மாணவர்களும் வாரத்தில் ஒரு நாள் பண்ருட்டி, விருத்தாசலம், குறிஞ்சிப்பாடி என்று முறை வைத்து வந்தால் போதும். எளிதான பல்லை இங்கேயே எடுத்து விடலாம். சிக்கலான பல்லுக்கு எக்ஸ்-ரேவும் ரத்தப் பரிசோதனையும் இங்கேயே முடித்து, தேதி கொடுத்து அனுப்பலாம். தையலை இங்கேயே பிரிக்கலாம். மூன்று தடவை அலைச்சல் ஒரு தடவையாகக் குறையும். மாணவர்களுக்கும் அனுபவம். புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியது இல்லை, டாக்டர்களும் ஏற்கனவே அரசு சம்பளத்தில்தான் இருக்கிறார்கள்.

மக்கள் குறை தீர்க்கும் நாளில் கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் மனு கொடுப்பது போல, யாராவது சங்கத்துக்காரர்கள் இதற்கும் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். முந்திரித் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், சுமை தூக்குவோர் என்று சங்கங்களுக்கு இங்கே குறைச்சல் இல்லை.

அதுவரைக்கும் செய்யக் கூடியது, ஒரு தடவை வீங்கி அடங்கியதுமே பண்ருட்டி அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு போட்டுக் காட்டி, மேல் சிகிச்சைக்கு எழுதி வாங்கிக் கொள்வதுதான். சிதம்பரம் போகும்போது அந்தச் சீட்டு, ஆதார் அட்டை, பழைய எக்ஸ்-ரே இருந்தால் அது, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் எடுத்துக் கொள்ளுங்கள். புறநோயாளி சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள் என்பதால் முதல் ரயிலைப் பிடிப்பது நல்லது. கிளம்பும் முன் இரண்டு இட்லியாவது சாப்பிட்டு விட்டுப் போங்கள். மரத்துப் போகும் ஊசிக்கு வெறும் வயிறாக இருக்கத் தேவையில்லை, பசியோடு உட்கார்ந்தால் மயக்கம்தான் வரும்.